அடுப்பைத் தேடி வந்த குண்டு

அரசனை விரட்டிவிட்டு, விரட்டிய கை ஓய்வதற்குள் கும்பிடுவதற்கு வேறு ஆள் தேடத் தொடங்கிய அமெரிக்க தேசத்தில், அந்தத் தேசம் இன்னும் பால்மணம் மாறாமல் இருந்த நாட்களில், ஆஷ்வாட்டர் என்ற ஆற்றங்கரை ஊரில், ஒரு பீரங்கிக் குண்டு இருபது வருடங்களாகக் கீழே விழாமல் அந்தரத்தில் நின்றது. சுதந்திரப் போரின்போது இங்கிலாந்துக் கப்பல் ஒன்று ஆற்றில் ஏறி வந்து சுட்டுவிட்டுப் போன குண்டு அது. மற்ற குண்டுகளெல்லாம் விழவேண்டிய இடத்தில் விழுந்து, கொல்லவேண்டியவர்களைக் கொன்று, மண்ணுக்குள் போய்விட்டன. இது மட்டும் கரையைத் தாண்டியதும், வந்த காரியம் மறந்துபோனதைப் போல, உயரமான ஓர் ஆளின் மார்பு மட்டத்தில் நின்றுவிட்டது.

முதல் வாரம் ஜனங்கள் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள், இரண்டாம் வாரம் அதற்கு அடியில் குனிந்து போனார்கள், அதற்குப் பிறகு அது சந்தைத் தெருவில் இருக்கும் இன்னொரு தூண் மாதிரி ஆகிவிட்டது. குண்டு எப்போதும் இளஞ்சூடாக இருந்ததால் இடுப்புப் பிடிப்புக்காரர்கள் காலையில் வந்து முதுகைக் கொடுத்துக்கொண்டு நின்றார்கள், பனிக்காலத்தில் பூனைகள் அதன்மேல் ஏறிச் சுருண்டு படுத்தன, வைக்கோல் வண்டிக்காரர்கள் அதை ஒதுக்கி ஓட்டிப் பழகினார்கள், பாதிரியார் அதை வைத்து வருடத்துக்கு ஒரு பிரசங்கம் செய்தார், எதிரே இருந்த மதுக்கடைக்காரர் தன் கடையின் பழைய பெயரை அழித்துவிட்டு ‘குண்டுக்கடை’ என்று எழுதிக்கொண்டார். குண்டு ஏன் விழவில்லை என்று அந்த ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்கிற ஊராக இருந்தால் வேறு பல கேள்விகளையும் கேட்டிருக்கும்.

ஆனால் குண்டு முழுதாக நின்றுவிடவும் இல்லை. ஜூலை நாலாம் தேதி, சுதந்திர தினத்தன்று, ஊர்ப் பெரிய மனிதர்கள் விருந்தில் உட்கார்ந்து, மாநிலத்துக்கு ஒன்றாகப் பதின்மூன்று முறை எழுந்து கோப்பையைத் தூக்கி வாழ்த்துச் சொல்வார்கள். ஒவ்வொரு வாழ்த்துக்கும் வெளியே ஒரு வெடி போடுவார்கள். முதல் கோப்பை தேசத்துக்கு, இரண்டாவது கோப்பை ஜெனரல் ஒபதியா பிராட்டுக்கு. “ஆற்றங்கரையில் குண்டு மழைக்கு நடுவே மார்பைக் காட்டி நின்ற மாவீரர்” என்று சொல்லி அவர்கள் குடிக்கும்போது, வெளியே சந்தைத் தெருவில் குண்டு ஒரு விரல்கடை முன்னால் நகரும். நாவிதர் கடையில் யாராவது அந்தப் போரைப் பற்றி அளந்தால் அப்போதும் கொஞ்சம் நகரும். ஊருக்கே இது தெரியும். எங்கள் ஜெனரலின் பெயரைக் கேட்டால் எதிரியின் குண்டுகூட மரியாதைக்கு ஓர் அடி முன்னால் வருகிறது என்று அதற்கும் பெருமைப்பட்டுக்கொண்டார்கள்.

ஊரில் கட்சிகள் இரண்டு. தொப்பியில் கறுப்பு ரிப்பன் குத்தியவர்களுடைய கட்சி ஜெனரலுடையது. நீல ரிப்பன் கட்சிக்குத் தலைவர் வக்கீல் லெமுவேல் ஹாஸ்கின்ஸ். போர் நடந்த நாளில் இந்த வக்கீல் வேறு மாநிலத்தில் ஒரு நிலத்தகராறில் வாதாடிக்கொண்டிருந்தார், அது அவருக்கும் தெரியும், ஆனாலும் அன்று ஆற்றங்கரையில் உண்மையிலேயே படையை நடத்தியவர் தன் தாய்மாமன்தான் என்றும், வேட்டைத் துப்பாக்கியோடு பக்கத்தில் நின்றவன் தானேதான் என்றும் கூசாமல் சொல்லி வந்தார். கறுப்பு ரிப்பன்காரர் நீல ரிப்பன்காரருடைய கடையில் சர்க்கரை வாங்கமாட்டார். நீல ரிப்பன்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கறுப்பு ரிப்பன்காரர் போகமாட்டார். சாவுக்குக்கூட இரண்டு தனித்தனி ஊர்வலம் போனது. பொய்க்கு மட்டும் கட்சி கிடையாது, இவர்கள் சொன்னாலும் அவர்கள் சொன்னாலும் குண்டு ஒரே மாதிரிதான் நகர்ந்தது.

அது நகர்ந்த வழி ஒரே நேர்கோடு. ஆற்றங்கரையிலிருந்து சந்தைத் தெரு வழியாக, விதவை தபிதா வென்னின் ரொட்டிக்கடைப் பின்சுவர் வரை. அந்தச் சுவரை ஒட்டி உள்ளே அவளுடைய அடுப்பு இருந்தது. மாமனார் காலத்தில் செங்கல்லால் கட்டிய பெரிய ரொட்டி அடுப்பு அது, ஓர் ஆள் தவழ்ந்து உள்ளே போய் உட்காரலாம், அத்தனை ஆழம். உள்ளேயே விறகை எரித்து, தணலை வாரி வெளியே போட்டுவிட்டு, அந்தச் சூட்டில் ரொட்டியை வேகவைக்க வேண்டும். அந்த அடுப்புதான் அவளுக்குப் புருஷன், பிள்ளை, சோறு எல்லாம். பெயர்த்துக்கொண்டு போக முடியாது. விற்றுவிட்டுப் போகலாம் என்றால், பீரங்கிக் குண்டு பாதி வழி வந்துவிட்ட வீட்டை எந்த முட்டாள் வாங்குவான்?

குண்டு ஏன் தன் அடுப்பைப் பார்த்து வருகிறது என்பது தபிதாவுக்கு மட்டும் தெரியும். அன்று காலை கப்பல் சுடத் தொடங்கியதும் அவள் புருஷன் எபன் மாவுக் கையோடு துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கரைக்கு ஓடினான். சண்டை ஓய்ந்து, கப்பல் நீரோட்டத்தோடு திரும்பிப் போன பிறகு, அதுவரை நிலவறையில் பதுங்கியிருந்த அவள் மேலே வந்து, ரொட்டி என்ன ஆனதோ என்று அடுப்பின் இரும்புக் கதவைத் திறந்தாள். உள்ளே, ஆறிக்கொண்டிருந்த சாம்பலில், முழங்காலைக் கட்டிக்கொண்டு, தங்கப் பொத்தான் வைத்த கோட்டில் ஒபதியா பிராட் உட்கார்ந்திருந்தார். கப்பல் போய்விட்டதா என்று கேட்டார். போய்விட்டது என்றாள். அவர் வெளியே வந்து, கோட்டைத் தட்டிக்கொண்டு, வாளை உருவிப் பிடித்தபடி தெருவுக்குப் போனார். முகம் முழுக்கக் கரி. அந்தக் கரியை வெடிமருந்துப் புகை என்று நினைத்து ஊர் அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடத் தொடங்கியது, இருபது வருடமாக இறக்கவில்லை.

அவள் ஏன் வாய் திறக்கவில்லை என்றால், எபன் உயிரோடு திரும்பவில்லை, கொல்லை வேலியோரம் பிணமாகக் கிடந்தான். தேவாலய வாசலில் நட்ட கல்லில் மேலே ஜெனரலின் பெயரைப் பெரிதாகவும், அதற்குக் கீழே, ‘இவர் தலைமையில் நின்று மடிந்தோர்’ என்று போட்டு, எபனின் பெயரைச் சிறிதாகவும் செதுக்கியிருந்தார்கள். மேலே இருப்பது பொய் என்றால் கீழே இருப்பது என்ன ஆகும் என்று அவள் பயந்தாள். தலைமையே இல்லாத இடத்தில் தன் புருஷன் அநாதையாக நின்று செத்தான் என்பதை அவளாலேயே நினைத்துப்பார்க்க முடியவில்லை, ஊருக்கு எப்படிச் சொல்வாள்.

ஒபதியா பிராட் கவர்னர் பதவிக்கு நிற்பதென்று தீர்மானமான வருடம் குண்டு அவள் வீட்டுக் கொல்லையில் வேலியைத் தாண்டி முட்டைக்கோஸ் பாத்திக்கு மேல் நின்றது. எதிர்த்து நின்றவர் வக்கீல் ஹாஸ்கின்ஸ். தபிதா இரண்டு பேரிடமும் போய் ஒரே ஒரு விண்ணப்பம் வைத்தாள். ஓட்டு முடிகிறவரைக்கும் அந்தப் போரைப் பற்றி யாரும் பேச வேண்டாம், சாலையைப் பற்றிப் பேசுங்கள், வரியைப் பற்றிப் பேசுங்கள், அதற்குக் குண்டு நகர்வதில்லை. ஜெனரலின் ஆட்கள் நெகிழ்ந்துபோய் ஒப்புக்கொண்டார்கள், ஒப்புக்கொண்ட கையோடு, ஏழை விதவைக்காகத் தன் வீரத்தையே மறைத்துக்கொண்ட வீரர் என்று அன்று சாயங்காலமே ஊர்வலம் போனார்கள். வக்கீலும் ஒப்புக்கொண்டார், ஆனால் எதிர்க்கட்சி பேசியதற்குப் பதில் சொல்லாமல் இருப்பது கோழைத்தனம் என்று தாய்மாமனை மறுபடி கிளப்பினார். அந்த ஒரு வாரத்தில் குண்டு பாத்தியைக் கடந்து சுவருக்கு ஒரு கை தூரத்தில் வந்து நின்றது. கடைக்குள் படுத்திருந்த தபிதாவுக்குச் சுவர் சூடாவது தெரிந்தது.

அந்த ஊரில் ஓட்டுப் போடுவது வாயால். நீதிமன்றத்து முற்றத்தில் மேஜை போட்டு ஷெரீப் உட்கார்ந்திருப்பார், ஒரு பக்கம் ஒரு வேட்பாளர், மறுபக்கம் இன்னொருவர், இருவரும் நாற்காலியில். ஓட்டுக்காரர் மேஜைக்கு முன்னால் வந்து தனக்கு வேண்டியவரின் பெயரை உரக்கச் சொல்லவேண்டும், பெயருக்கு உரியவர் எழுந்து குனிந்து நன்றி சொல்லவேண்டும். வெறும் பெயரைச் சொல்லிவிட்டுப் போனால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிற ஜனங்கள் என்பதால், பெயருக்கு முன்னால் ஆற்றங்கரை, மார்பு, குண்டு மழை எல்லாம் வந்தது. தேர்தல் நாளுக்கென்று ஒரு கேக்கும் உண்டு. உலர்ந்த திராட்சையும் ஜாதிக்காயும் போட்டு, வண்டிச் சக்கரம் அளவுக்குச் சுட்டு, ஓட்டுப் போட்டவர்களுக்கெல்லாம் வெட்டிக் கொடுப்பார்கள். வருடாவருடம் அதைச் சுடுவது தபிதாவின் அடுப்பு. தன்னை இடிக்கப்போகிறவர்களுக்குத் தானே இனிப்புச் சுட்டுக் கொடுக்கும் அடுப்பு ஆஷ்வாட்டரில்தான் இருக்க முடியும்.

விடிவதற்குள் கேக்கை எடுத்துக் கொடுத்துவிட்டு அவள் கொல்லையில் குண்டுக்குப் பக்கத்திலேயே நின்றாள். முற்றத்திலிருந்து ஒவ்வொரு குரலாகக் கேட்டது, ஒவ்வொரு குரலுக்கும் குண்டு ஊர்ந்தது. அது சுவரைத் தொட்டு, முதல் செங்கல்லில் கீறல் விழுந்தபோது, எபனை நினைத்துக் காத்துவந்த இருபது வருட வாய்ப்பூட்டு அவளுக்கு அர்த்தமில்லாததாகத் தோன்றியது. ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் நேராக நீதிமன்றத்து முற்றத்துக்குப் போனாள். பெண்களுக்கு ஓட்டுக் கிடையாது என்று ஷெரீப் சொன்னார். ஓட்டுப் போட வரவில்லை என்று சொல்லிவிட்டு, வரிசைக்கு முன்னால் நின்று உரக்கச் சொன்னாள்.

“சண்டை நடந்த அன்னைக்கு ஜெனரல் ஆத்தங்கரையில நிக்கல. என் அடுப்புக்குள்ள இருந்தார். கதவத் திறந்து வெளிய விட்டவ நான்.”

தெருவில் நின்றவர்கள் பார்த்தார்கள். இருபது வருடத்தில் முதல்முறையாகக் குண்டு பின்னால் போனது, சுவரை விட்டு விலகி, பாத்தியைத் தாண்டி, வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. வக்கீல் ஹாஸ்கின்ஸ் எழுந்து நின்று கைதட்டத் தொடங்கினார். தபிதா தன் வாழ்நாளில் ஒரே ஒரு நிமிடம் அந்த ஊரை நம்பினாள்.

வரிசையில் அடுத்து நின்றவர் பீப்பாய் செய்கிற ஆமோஸ் டில், தினமும் அவளிடம் ரொட்டி வாங்குகிறவர், நல்லவர் என்று பெயரெடுத்தவர். அவர் தொப்பியைக் கழற்றிக் கொஞ்சம் யோசித்தார். இவ்வளவு காலம் யாரை நம்பி வந்தோமோ அவரைக் கோழை என்று ஒப்புக்கொண்டால் தன்னையும் முட்டாள் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும் என்பது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். ரொட்டியை எதிரி எடுத்துக்கொண்டால் ஊர் பட்டினி கிடக்குமே என்று, மற்றவர்கள் எல்லாம் கரைக்கு ஓடியபோது, அடுப்புக்குள் தனியாளாகக் காவல் இருந்தவர் ஒபதியா பிராட் என்று சொல்லித் தன் ஓட்டைப் போட்டார். ஜெனரல் எழுந்து குனிந்து நன்றி சொன்னார். அடுத்தவர் ‘குடியரசின் ரொட்டியைக் காத்தவர்’ என்றார். அதற்கடுத்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பழைய பொய்க்கு விரல்கடை நகர்ந்த குண்டு இந்தப் புதிய பொய்க்கு முழம் முழமாகப் பாய்ந்தது. வக்கீல், ரொட்டி காத்ததில் தன் தாய்மாமனுக்கும் பங்கு உண்டு என்று தொடங்கினார்.

அப்போதுதான் தபிதா மேஜையைச் சுற்றிக்கொண்டு போய் ஜெனரலுக்கு எதிரே நின்றாள். குரலில் கோபம் இல்லை, ரொட்டி விற்கிற அதே குரல்தான்.

“அப்ப இன்னைக்கும் வந்து காவல் இருங்க, ஜெனரல். குண்டு அடுப்பு வரைக்கும் வந்திடுச்சு.”

இதைவிட நல்ல யோசனையை ஊர் கேட்டதில்லை. ஜெனரல் மறுக்க வாயைத் திறப்பதற்குள் நாற்காலியோடு தூக்கிவிட்டார்கள். கறுப்பு ரிப்பன்காரர்கள் முன்னால் பிடித்தார்கள், வேடிக்கை பார்க்கிற ஆசையில் நீல ரிப்பன்காரர்கள் பின்னால் பிடித்தார்கள், அந்த ஊரில் இரண்டு கட்சியும் சேர்ந்து செய்த காரியம் அது ஒன்றுதான். கடைக்குள் கொண்டுபோய், கேக் சுட்ட சூடு இன்னும் முழுதாக ஆறாத அடுப்பின் வாயில் இறக்கி, தலையைக் குனியவைத்து உள்ளே தள்ளினார்கள். பிறகு தெருவும் கொல்லையும் நிறைய நின்றுகொண்டு, வாழ்க, வாழ்க என்று முழங்கினார்கள். குண்டு சுவரைத் துளைத்தது. அடுப்பின் பின்பக்கச் செங்கற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. உள்ளே ஜெனரல், நிறுத்துங்கள் நிறுத்துங்கள் என்று கதறினார், அதை வெளியே போர்முழக்கம் என்று நினைத்து இன்னும் சத்தமாக வாழ்த்தினார்கள். தபிதா அடுப்பின் வாயருகே குனிந்தாள்.

“இவங்க நிறுத்தமாட்டாங்க, ஜெனரல். நடந்ததச் சொல்லுங்க. அதுக்குத்தான் அது பின்னால போகும்.”

தங்கப் பொத்தானுக்கு ஒரு சாண் தூரத்தில் குண்டு வந்தபோது ஜெனரல் சொன்னார். நான் நிற்கவில்லை, ஒளிந்துகொண்டேன் என்றார். குண்டு ஒரு சாண் பின்வாங்கியது. ரொட்டியைக் காக்கவில்லை, பசியில் அதைத் தின்றேன் என்றார். கையிலிருக்கும் தழும்பு ஆணி கிழித்தது, வாள் ஏலத்தில் எடுத்தது, தொடை நடுங்கியதில் கால்சட்டையை நனைத்துக்கொண்டேன் என்றார். ஒவ்வொன்றுக்கும் குண்டு ஓட்டையை விட்டு, கொல்லையை விட்டு, சந்தைத் தெருவை நோக்கிப் போனது, அது போகிற அதிசயத்தைப் பார்த்து வெளியே சத்தம் அடங்க, அடுப்புக்குள்ளிருந்து வந்த குரல் எல்லோருக்கும் கேட்டது. சொல்ல இன்னும் ஒன்று இருந்தது. அதைச் சொல்லும்போது ஜெனரல் அடுப்பின் வாயில் தெரிந்த தபிதாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

“எபன் கூப்பிட்டான். நான் இங்க ஓடி வந்தத அவன் பாத்திருக்கான். அடிபட்டு இந்தக் கொல்லை வரைக்கும் தவழ்ந்து வந்து, என் பேரச் சொல்லிக் கூப்பிட்டான். நான் கதவ உள்பக்கமா இழுத்துப் புடிச்சுக்கிட்டேன்.”

குண்டு கரையைக் கடந்து, ஆற்றில் இருபது வருடத்துக்கு முன் கப்பல் நின்ற இடத்துக்குப் போய், எல்லாக் குண்டுகளையும் போலத் தண்ணீரில் விழுந்து மூழ்கியது. தபிதா அடுப்பின் இரும்புக் கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். வெளியே இருந்து கதவைச் சாத்தித் தாழ் போட அவளுக்கு ஒரு கை போதும், பக்கத்திலேயே விறகும் இருந்தது. ஆனால் அடுப்பு அவளுடையது, அதில் ரொட்டிதான் சுடவேண்டும். விலகி நின்று அவரை வெளியே வரவிட்டாள்.

கரி அப்பிய முகத்தோடு அவர் மறுபடி தெருவில் நின்றார், ஊர் மறுபடி அவரைப் பார்த்தது. ஓட்டுப் பாதியில் நிற்கிறதே என்று ஷெரீப் ஞாபகப்படுத்தினார். ஆமோஸ் டில்தான் முதலில் பேசினார். தன் கோழைத்தனத்தைத் தானே ஊரறியச் சொல்வதற்கு எப்பேர்ப்பட்ட நெஞ்சு வேண்டும் என்றார். தலைகள் ஆடின. சாயங்காலத்துக்குள் ஒபதியா பிராட் அந்த மாநிலம் அதுவரை கண்டிராத வித்தியாசத்தில் கவர்னர் ஆனார், ஓட்டுப் போட்டவர்கள் கேக் தின்றார்கள், வக்கீல் ஹாஸ்கின்ஸ் நீல ரிப்பனைக் கழற்றிவிட்டுப் புதிய கவர்னரின் காரியதரிசியாக அதே வண்டியில் ஏறித் தலைநகருக்குக் கிளம்பினார். எபனைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தேவாலயக் கல்லை மாற்றலாமா என்ற பேச்சு வந்தது. ஜெனரலின் பெயருக்குப் பக்கத்தில் ‘உண்மை விளம்பி’ என்று சேர்த்தால் போதும் என்று முடிவானது.

வண்டி ஊர் எல்லையைத் தாண்டியதும் குண்டுக்கடையில் கோப்பைகள் எழுந்தன. பயத்தைச் சொல்லப் பயப்படாத மாவீரருக்கு என்று குடித்தார்கள். ஆற்றில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள், தண்ணீர் ஓரிடத்தில் கொப்புளிப்பதையும், குண்டு சொட்டச் சொட்ட மேலே வருவதையும் பார்த்து, அது வந்துவிட்டது என்று ரொம்பச் சாதாரணமாக வந்து சொன்னார்கள்.

தபிதா அடுப்பில் விழுந்த ஓட்டைக்குக் களிமண் குழைத்துக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டதும் கை நின்றுவிட்டது. எழுந்து தெருவுக்கு வந்தாள். குண்டு கரையேறி, சந்தைத் தெருவின் முனையில், மார்பு மட்டத்தில் நின்றது. ஆனால் அவள் வீட்டுப் பக்கம் அது திரும்பவே இல்லை. முதல் தடவை கிளம்பியபோது அந்த ஆள் அடுப்பில் இருந்தார், அதனால் அடுப்பைத் தேடி வந்தது. இந்தத் தடவை அவர் தலைநகர்ச் சாலையில் வண்டிக்குள் இருந்தார். கடையில் இன்னொரு கோப்பை எழுந்தது, குண்டு மேற்கே, தலைநகர்ச் சாலையில், விரல்கடை நகர்ந்தது.

அவள் அதற்குப் பக்கத்தில் போய் நின்றாள். தலைநகர் ரொம்ப தூரம். ஊர் எவ்வளவு புகழ்ந்தாலும் சீக்கிரம் போய்ச் சேராது. இருபது வருடம் தானும் வாயை மூடி, பேசாதீர்கள் என்று இரண்டு கட்சியிடமும் கெஞ்சிய தபிதா வென், களிமண் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, மூச்சை நன்றாக இழுத்து, ஜன்னலெல்லாம் திறந்து பார்க்கும்படி, தன் குரல் இருக்கிற மட்டும் கத்தினாள்.

“ஜெனரல் பிராட் வாழ்க!”

குண்டு ஒரு முழம் பாய்ந்தது. மறுநாளிலிருந்து தினமும் விடியற்காலையில், ரொட்டியை அடுப்பில் தள்ளிவிட்டு, அவள் தவறாமல் வந்து வாழ்த்தினாள்.